இயங்குதளங்களின் குறிப்பேடுகள்

கணினியின் முன் அமரும் எவரும் அதனைத் தம் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கின்றனர். எழுத்தின் அளவைக் கூட்டுகின்றனர். விசைப்பலகையில் ஆங்கிலத்துடன் தமிழையும் அரபியையும் சேர்த்துக்கொள்கின்றனர். அச்சுப்பொறியை நிறுவுகின்றனர். நாள்காட்டியில் ஹிஜ்ரி ஆண்டு தெரியும்படி செய்கின்றனர். இரவில் கணினியை அணைத்துவிட்டு மறுநாள் இயக்கினால் இவை யாவும் விட்ட இடத்தில் விட்டபடியே இருக்கின்றன. கணினியின் செயல்நினைவகமோ மின்சாரம் நின்றதும் வெறுமையாகிவிடும் தன்மையது. எனவே இவ்விருப்பங்கள் அனைத்தும் வட்டில் எங்கோ எழுதி வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். எங்கே, எவ்வடிவில், யாரால் வாசிக்கக்கூடிய முறையில் அவை எழுதப்படுகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது பொறியாளர்களுக்கு மட்டுமே உரிய வினா என்று ஒதுக்கிவிட இயலாது. கட்டுரைகளையும் கணக்குகளையும் தவறாமல் பிரதி எடுத்து வைப்போர்கூட அமைவுகளைப் பிரதி எடுப்பதில்லை. கணினி பழுதாகிப் புதியது வாங்கும்போதுதான் பல ஆண்டுகளாகச் சேர்ந்த அமைவுகள் எவ்வளவு உழைப்பின் பயன் என்பது புலனாகிறது. நச்சுநிரல்களும் கணினிக்குள் நிலைகொள்ள முதலில் நாடுவது இந்தக் குறிப்பேட்டையே. தன் குறிப்பேடு எங்கிருக்கிறது என்று அறியாதவர் தன் கணினிக்கு முழு உரிமையாளர் ஆகார்.

தனிநபர் கணினிகளின் தொடக்க காலத்தில் இது மிக எளிய செய்தியாக இருந்தது. 1983இல் வெளிவந்த டாஸ் இரண்டாம் பதிப்பிலிருந்து கான்ஃபிக்.சிஸ் என்ற சிறு உரைக்கோப்பு ஒன்று இருந்தது. ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைத் திறக்கலாம், எந்தச் சாதனத்திற்கு எந்த இயக்கியை ஏற்றவேண்டும் என்பன போன்ற சில வரிகள் அதில் இருக்கும். உடன் ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற மற்றொரு கோப்பு; கணினி விழித்தெழுந்ததும் வரிசையாகச் செய்யவேண்டிய கட்டளைகளின் பட்டியல் அது. இரண்டையும் எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம்.

விண்டோஸ் வந்தபோது ஐஎன்ஐ கோப்புகள் வந்தன. சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு தலைப்பு, அதன்கீழ் வரிக்கு ஒன்றாகப் பெயர், சமக்குறி, மதிப்பு. இவ்வளவே இலக்கணம். விண்டோஸுக்கு வின்.ஐஎன்ஐ, சிஸ்டம்.ஐஎன்ஐ என இரண்டு முதன்மைக் கோப்புகள் இருந்தன. மென்பொருள் நிறுவனங்கள் தத்தம் குறிப்புகளையும் வின்.ஐஎன்ஐ கோப்பிலேயே கொண்டுவந்து கொட்டின. அக்கோப்போ 64 கிலோபைட்டுக்கு மேல் வளர இயலாதது. பின்னர் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு கோப்பை உருவாக்கிக்கொள்ள, விண்டோஸ் கோப்புறை அவற்றால் நிறைந்தது. இதனினும் பெரிய குறைகள் இரண்டு உண்டு. எல்லா மதிப்புகளும் வெறும் எழுத்துக்களே. எண் எது, பெயர் எது என்ற வேறுபாடு கோப்பில் இல்லை. ஒரே கணினியை மூவர் பயன்படுத்தினால் எவருடைய விருப்பம் எது என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. ஒரு வரியை மட்டும் காத்து மற்றதைத் திறந்துவிடும் அனுமதி முறையும் அதில் கிடையாது.

இக்குறைகளுக்கு மைக்ரோசாஃப்ட் கண்ட விடை ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேடு. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் அது மிகச் சிறியதாக, எவ்வகைக் கோப்பை எந்த மென்பொருள் திறக்கவேண்டும் என்பது போன்ற செய்திகளுக்கு மட்டும் இருந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த விண்டோஸ் என்டியில்தான் அது முழு உருவம் பெற்றது. 1995இல் விண்டோஸ் 95 வழியாக வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் பரவியது.

பதிவேட்டை ஒரு மரமாக எண்ணிப் பார்க்கலாம். கோப்புறைக்குள் கோப்புறை இருப்பது போல, சாவி என்று அழைக்கப்படும் கிளைக்குள் கிளை. கிளையின் நுனியில் பெயரும் வகையும் மதிப்பும் கொண்ட பதிவுகள். வகை என்பதே ஐஎன்ஐயில் இல்லாத புதுமை. இது எழுத்துச் சரம், இது 32 பிட் எண், இது பல வரிகளின் தொகுப்பு, இது வெறும் இருமத் தரவு என்று ஒவ்வொரு பதிவும் தன் இனத்தைத் தானே அறிவிக்கிறது. ஒவ்வொரு கிளைக்கும் யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதிப் பட்டியலும் உண்டு.

மரத்தின் வேர்கள் ஐந்தாகக் காட்டப்பட்டாலும் உண்மையில் அடிப்படையானவை இரண்டே. கணினிக்கு உரியவை லோக்கல் மெஷின் என்ற வேரின்கீழும், பயனர்களுக்கு உரியவை யூசர்ஸ் என்ற வேரின்கீழும் உள்ளன. கரண்ட் யூசர் என்று நாம் காண்பது, இப்போது உள்நுழைந்திருப்பவரின் பகுதியைச் சுட்டும் ஒரு கண்ணாடி மட்டுமே. நீங்கள் வெளியேறி உங்கள் சகோதரர் உள்நுழைந்தால் அதே பெயரின்கீழ் அவருடைய விருப்பங்கள் தோன்றும். தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தவரின் பகுதியில், கீபோர்டு லேஅவுட் என்ற கிளையில், 00000449 என்றொரு பதிவு இருக்கக் காணலாம். இந்தியத் தமிழுக்கு மைக்ரோசாஃப்ட் அளித்த பதினாறின் அடிமான எண் 0449. இலங்கைத் தமிழுக்கு 0849. திரையின் மூலையில் தமிழின் அடையாளம் தெரிவதற்குப் பின்னே இருப்பது இத்தகைய சிறு எண்தான்.

மரம் என்பது நம் கண்ணுக்குக் காட்டப்படும் தோற்றம். வட்டில் அது சில கோப்புகளாகவே இருக்கிறது. விண்டோஸ் கோப்புறையினுள் சிஸ்டம்32, அதனுள் கான்ஃபிக் என்ற இடத்தில் சிஸ்டம், சாஃப்ட்வேர், செக்யூரிட்டி, சாம், டீஃபால்ட் என்ற பெயர்களில் பின்னொட்டு இல்லாத கோப்புகள் உள்ளன. பயனர் ஒவ்வொருவரின் கோப்புறையிலும் என்டியூசர்.டேட் என்ற கோப்பு மறைந்திருக்கிறது. இக்கோப்புகளுக்கு ஹைவ், அதாவது தேன்கூடு என்று பெயர். கோப்பின் உட்பிரிவுகளுக்குச் செல், அதாவது கூட்டின் அறை என்று பெயர். இப்பெயர்களுக்கு ஆழ்ந்த காரணம் ஏதும் தேடவேண்டியதில்லை. விண்டோஸ் என்டியை உருவாக்கியவர்களுள் ஒருவருக்குத் தேனீ என்றாலே பிடிக்காதாம்; அவரைச் சீண்டுவதற்காகவே இன்னொருவர் தேனீயோடு தொடர்புடைய பெயர்களை ஆங்காங்கே புகுத்தினார் என்று மைக்ரோசாஃப்டின் மூத்த நிரலாளர் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார்.

வன்பொருள்களைப் பற்றிய ஹார்டுவேர் என்ற கிளை மட்டும் எக்கோப்பிலும் இல்லை. ஒவ்வொரு முறை கணினி இயங்கத் தொடங்கும்போதும் புதிதாக உருவாகி, அணையும்போது அது மறைந்துவிடுகிறது. மாறக்கூடியதை எழுதி வைத்துப் பின்னர் பொய்யாகிவிடுவதைவிட, ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டறிவது மேல் என்ற தீர்மானம் அதில் தெரிகிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டால் என்னாகும்? மின்வெட்டை நன்கறிந்த நமக்கு இவ்வினா இயல்பாகவே எழும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்ததன் பேராபத்தும் இதுவே. பாதி எழுதிய பதிவேடு முழுக் கணினியையும் முடக்கிவிடக்கூடும். இதற்கெனத் தேன்கூட்டுக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் அருகே துணைக்குறிப்புக் கோப்பு வைக்கப்படுகிறது. எந்த மாற்றமும் முதலில் துணைக்குறிப்பில் எழுதப்பட்டு, பின்னரே மூலக்கோப்பில் ஏறுகிறது. கடைக்காரர் முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றுவது போன்றது இது. மூலக்கோப்பின் முகப்பில் இரண்டு வரிசை எண்கள் உள்ளன. எழுதத் தொடங்கும்போது முதல் எண் கூட்டப்படும். எழுதி முடித்ததும் இரண்டாம் எண் கூட்டப்படும். அடுத்த முறை கணினி இயங்கும்போது இவ்விரண்டு எண்களும் ஒத்திராவிட்டால் பணி பாதியில் அறுந்தது என்று பொருள். உடனே துணைக்குறிப்பிலிருந்து மீட்பு நடைபெறும். பதிவேட்டைக் குறை கூறுவோர் பலர். எனினும் இந்த ஒரு ஏற்பாட்டில் அது பழைய ஐஎன்ஐ கோப்புகளைவிட மிக உயர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு காப்பும் இருந்தது. கணினி வெற்றிகரமாக இயங்கிய கடைசி நிலையின் அடிப்படை அமைவுகள் தனிப்பிரதியாகக் காக்கப்பட்டன. விண்டோஸ் 7 வரை, தொடக்கத்தில் எஃப்8 விசையை அழுத்தி அந்நிலைக்குத் திரும்பலாம். இது தவிர, தேன்கூட்டுக் கோப்புகள் ரெக்பேக் என்ற கோப்புறையில் அவ்வப்போது தாமாகவே பிரதி எடுக்கப்பட்டும் வந்தன. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1803ஆம் பதிப்பிலிருந்து இது நிறுத்தப்பட்டது. வட்டில் சிறிது இடத்தை மிச்சப்படுத்துவதற்காகச் செய்யப்பட்டது என்பது நிறுவனத்தின் விளக்கம். நூற்றுக்கணக்கான கிகாபைட் வட்டுகள் இயல்பாகிவிட்ட காலத்தில் இந்தச் சிக்கனம் எனக்கு விளங்கவில்லை. மீட்பு நிலை ஒன்றை நாமே அவ்வப்போது உருவாக்கிக்கொள்வதுதான் வழி.

ஒரே இடத்தில் எல்லாம் இருப்பது, தீய எண்ணத்துடன் வருபவருக்கும் வசதியாகிவிடுகிறது. பதிவேட்டில் ரன் என்றொரு கிளை உண்டு. அதில் பெயர் எழுதப்பட்ட மென்பொருள்கள் யாவும், பயனர் உள்நுழைந்ததும் தாமே இயங்கத் தொடங்கும். 2000ஆம் ஆண்டு மே மாதம் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவிய ஐ லவ் யூ என்ற நச்சுநிரல் இக்கிளையில்தான் தன் பெயரைப் பதிந்துகொண்டது. உலாவியின் முகப்புப் பக்கத்தையும் பதிவேட்டின் வழியாகவே மாற்றியது. இன்றுவரை நச்சுநிரல்களைத் தேடுவோர் முதலில் திறந்து பார்க்கும் இடங்களுள் ஒன்றாக ரன் இருந்துவருகிறது. பதிவேட்டைச் சுத்தம் செய்து கணினியை விரைவாக்குவதாகச் சொல்லி விற்கப்படும் மென்பொருள்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். பயனற்ற சில ஆயிரம் பதிவுகளை நீக்குவதால் உணரத்தக்க வேகம் ஏதும் கிடைப்பதில்லை. தேவையான ஒன்று நீங்கிவிட்டால் இழப்போ பெரிது. இத்தகைய மென்பொருள்களைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்துள்ளது.

யுனிக்ஸ் மரபு வேறு திசையில் சென்றது. அங்கே அமைவுகள் அனைத்தும் உரைக்கோப்புகள். கணினிக்கு உரியவை எட்சி என்ற ஒரே கோப்புறையில் இருக்கும். அங்குள்ள பாஸ்வேர்டு கோப்பில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வரி. முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஏழு பகுதிகள். கடவுச்சொல்லின் மறையாக்க வடிவமும் தொடக்கத்தில் அவ்வரியிலேயே இருந்தது. அக்கோப்பை யாவரும் படிக்க முடியும் என்பதால், மறையாக்கத்தை உடைக்கும் ஆற்றல் கணினிகளுக்கு வளர வளர அது ஆபத்தாயிற்று. பின்னர் கடவுச்சொல் மட்டும் ஷேடோ என்ற, நிர்வாகி மட்டுமே படிக்கத்தக்க கோப்புக்கு மாற்றப்பட்டது. பாஸ்வேர்டு என்ற பெயருடைய கோப்பில் இன்று கடவுச்சொல் இல்லை. அது இருந்த இடத்தில் ஓர் எழுத்து மட்டும் நிற்கிறது.

தனிப் பயனரின் விருப்பங்கள் அவரது கோப்புறையிலேயே, புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புகளில் உள்ளன. இவை சாதாரணப் பட்டியலில் தெரிவதில்லை. இம்மறைவு திட்டமிட்டுப் பிறந்ததன்று. கோப்புறை ஒவ்வொன்றிலும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என இரு பதிவுகள் தாமே உண்டாகும். அவற்றைப் பட்டியலிலிருந்து விலக்க நினைத்த பழைய நிரலாளர், பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்துச் சுருக்கமாக முடித்துவிட்டார். அதனால் புள்ளியில் தொடங்கும் எதுவும் மறைந்துபோயிற்று. மென்பொருளாளர்கள் இதைக் கண்டு தம் கோப்புகளை அங்கே ஒளித்து வைக்கலாயினர். யுனிக்ஸை வளர்த்தவர்களுள் ஒருவரான ராப் பைக் 2012இல் இதனை விவரித்து, குறுக்கு வழிகள் எவ்வளவு காலம் நிலைத்துவிடுகின்றன என்று வருந்தினார். சிதறலைக் குறைக்க, 2003இல் தொடங்கிய ஒரு பொதுநெறியின்படி இன்று பல மென்பொருள்கள் கான்ஃபிக் என்ற ஒற்றை மறைகோப்புறைக்குள் தம் குறிப்புகளை வைக்கின்றன.

உரைக்கோப்பின் பெருமை, அதை வாசிக்க அதை எழுதிய மென்பொருள் தேவையில்லை என்பதே. ஏன் இவ்வாறு மாற்றினோம் என்ற விளக்கத்தையும் அருகிலேயே எழுதி வைக்கலாம். பதிவேட்டில் அதற்கு இடமில்லை. ஒரு மென்பொருளின் கோப்பு கெட்டால் அம்மென்பொருள் மட்டுமே நிற்கும்.

ஆயினும் இம்முறையும் இடறியதுண்டு. 2009இன் தொடக்கத்தில், லினக்ஸில் எக்ஸ்ட்4 என்ற புதிய கோப்பு முறையைச் சோதித்தவர்களுள் சிலர், கணினி திடீரென நின்று மீண்டபின் தம் அமைவுக் கோப்புகள் பல பூச்சிய நீளத்தில் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டனர். மேசைத்தள மென்பொருள்கள் புதிய கோப்பை எழுதி, உடனே அதற்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டிவந்தன. பெயர்மாற்றம் வட்டில் பதிந்துவிட்டது. உள்ளடக்கமோ இன்னும் நினைவகத்திலேயே காத்திருந்தது. முந்தைய எக்ஸ்ட்3 முறை சில வினாடிகளுக்குள் எழுதிவிடும் என்பதால் இப்பிழை வெளித்தெரியாமல் இருந்திருக்கிறது. எழுதியது வட்டில் ஏறிவிட்டதா என்று கேட்டு உறுதிசெய்யாதது மென்பொருள்களின் குறையே என்று எக்ஸ்ட்4ஐப் பராமரித்த தியோடர் ட்ஸோ வாதிட்டார். வாதிட்டதோடு நில்லாமல், பெயர்மாற்றத்திற்கு முன் உள்ளடக்கம் வட்டில் ஏறும்படி கோப்பு முறையையும் திருத்தினார். பதிவேட்டில் வரிசை எண்கள் செய்யும் வேலையை இங்கே ஒவ்வொரு மென்பொருளும் தானே செய்யவேண்டியிருக்கிறது என்பதே இதன் உட்பொருள்.

ஆப்பிளின் மேக் கணினிகள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. ஒவ்வொரு மென்பொருளுக்கும் பிளிஸ்ட் என்ற தனிக்கோப்பு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் இரும வடிவில் இருக்கிறது. 2013 முதல் பின்னணி நிரல் ஒன்று அக்கோப்புகளை நினைவில் வைத்து ஆள்வதால், கோப்பை நேரே திருத்தினாலும் அது பழைய மதிப்பையே மீண்டும் எழுதிவிடக்கூடும்.

இனி நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு. விண்டோஸில் கரண்ட் யூசர் வேரின்கீழ் கண்ட்ரோல் பேனல், அதன்கீழ் இன்டர்நேஷனல் என்ற கிளையில் நாள், நேரம், நாணயம் ஆகியவற்றின் வடிவங்கள் உள்ளன. அங்கே ஆட்ஹிஜ்ரிடேட் என்ற பதிவுக்கும் இடம் உண்டு. ஹிஜ்ரி நாளைக் கணினி 30 ஆண்டுச் சுழற்சியில் 11 மிகுநாள் ஆண்டுகள் என்ற கணக்கால் கண்டறிகிறது. பிறை தென்படுவதோ இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகவே கணக்கிட்ட நாளை இரண்டு நாள் வரை முன்னோ பின்னோ நகர்த்த இப்பதிவு இடம் தருகிறது. அது கணினிக்குரிய பகுதியில் வைக்கப்படாமல் பயனருக்குரிய பகுதியில் வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. ஒரே கணினியில் இருவர் வெவ்வேறு நாளைப் பின்பற்றினாலும் இயந்திரம் அதில் தலையிடுவதில்லை. சவூதி அரேபியாவின் உம்முல் குறா நாள்காட்டி வேறு. அது சுழற்சிக் கணக்கன்று, முன்கூட்டியே வகுக்கப்பட்ட அட்டவணை. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரல் தொகுதியில் 2005இல் தனியே சேர்க்கப்பட்டது.

நேர மண்டலங்களில் இரு மரபுகளின் வேறுபாடு இன்னும் தெளிவாகும். விண்டோஸ் எக்ஸ்பியின் பதிவேட்டில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் 44 பைட் நீளமுள்ள ஒரே இரும மதிப்பு இருந்தது. அதில் அன்றைய விதி மட்டுமே அடங்கும். 1996இல் இருமுறை நேரத்தை மாற்றிய இலங்கை, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது. அந்த மதிப்பைத் திருத்தினால், திருத்திய நொடியிலிருந்து முந்தைய ஆண்டுகளின் நேரங்களும் புதிய விதிப்படியே கணக்கிடப்படும். ஆண்டுவாரியான விதிகளுக்கு விண்டோஸ் விஸ்டாவில்தான் இடம் கிடைத்தது. லினக்ஸ் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தொகுதியிலோ கொழும்பின் பெயரின்கீழ் ஒவ்வொரு மாற்றமும் நாளுடன் வரிவரியாக நிற்கிறது. இடத்தைத் தேர்வது எட்சியில் உள்ள ஓர் இணைப்பு மட்டுமே. 2018 அக்டோபரில் மொராக்கோ ஆண்டு முழுதும் ஒரு மணி நேரம் முன்னே இருக்கவும், ரமலானில் மட்டும் பழைய நேரத்துக்குத் திரும்பவும் முடிவு செய்தபோது, அத்தொகுதியினர் வரவிருக்கும் பல பத்தாண்டுகளின் ரமலான்களைக் கணக்கிட்டு எழுதி வைத்தனர். 2020இல் மே 24 என்று அவர்கள் எழுதியிருந்த நாள் மே 31ஆகத் திருத்தப்பட்டது. பிறையும் அரசும் சேர்ந்து தீர்மானிப்பதை அட்டவணை முன்கூட்டியே அறிய இயலாது. உரைக்கோப்பில் ஒரு வரியைத் திருத்துவது மட்டும் எளிது.

இரு மரபுகளும் காலப்போக்கில் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்திருக்கின்றன. 2002இல் டாட்நெட்டை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட், மென்பொருளின் அமைவுகளை அதன் அருகிலேயே ஓர் உரைக்கோப்பில் வைக்கும் முறைக்குத் திரும்பியது. லினக்ஸின் க்னோம் மேசைத்தளமோ டிகான்ஃப் என்ற இருமத் தரவுத்தளத்தைக் கைக்கொண்டது. விரைவாகப் படிக்கவேண்டும் என்ற தேவையும், மனிதர் படிக்கவேண்டும் என்ற தேவையும் ஒரே வடிவில் அடங்க மறுக்கின்றன.

பதிவேட்டில் எதையேனும் மாற்ற நேர்ந்தால், மாற்றும் முன் அந்தக் கிளையை ஏற்றுமதி செய்து ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்வது நன்று. விசைப்பலகை, நாள் வடிவம் போன்ற சொந்த விருப்பங்களின் கிளைகளை இவ்வாறு எடுத்துப் பென்டிரைவில் வைத்திருந்தால் புதிய கணினியிலும் அவற்றைப் பெரும்பாலும் மீட்கலாம். மென்பொருள்களையும் இயக்கிகளையும் அவ்வாறு பெயர்த்துச் செல்ல இயலாது. அவற்றைப் புதிதாகவே நிறுவவேண்டும். சேமித்த கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியில் பதிப்பின் பெயர். அதன்கீழ் சதுர அடைப்புக்குறிக்குள் கிளையின் பெயர். அதன்கீழ் வரிக்கு ஒன்றாகப் பெயர், சமக்குறி, மதிப்பு. பதிவேடு எதனைக் களைய வந்ததோ அந்த ஐஎன்ஐ வடிவமேதான்.